பாங்கு ஒலித்ததும் எழ முடிகிறதா?

உங்கள் இல்லத்தில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளை ஒன்று இருக்குமானால், பின்வரும் காட்சி உங்களுக்குப் புதியதாக இராது. மக்ரிபுக்குப் பாங்கு ஒலிக்கிறது. வீட்டிலுள்ளோர் உளூச் செய்ய எழுகின்றனர். கூடத்தின் மூலையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளை மட்டும் தலை நிமிர்வதில்லை. "இன்னும் அஞ்சே நிமிஷம் அத்தா! இப்ப எந்திரிச்சா எங்க டீமே தோத்துப் போயிடும்" என்கிறது. அந்த ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாக நீண்டு, இஷாவும் நெருங்கிவிடுகிறது.

மதுக்கரையில் உள்ள எங்கள் இல்லத்திலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் என் மனைவி, தையல் கூலியாகத் தம் கைப்பேசிக் கணக்கில் வந்து சேர்ந்த தொகையைச் சரிபார்த்தபோது 1,860 ரூபாய் குறைந்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து, பெருநாள் துணிக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த பணம் அது. விசாரித்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். விளையாட்டுக்குள் 'வைரம்' வாங்கினானாம். அந்த வைரங்களைக் கொடுத்து ஒரு பெட்டியைத் திறந்தானாம். அவன் ஆசைப்பட்ட துப்பாக்கி அதில் இல்லையாம். ஆகவே இன்னொரு பெட்டி, பிறகு இன்னொரு பெட்டி.

கை ஓங்கிய என்னை அவனுடைய ஒரு கேள்வி தடுத்து நிறுத்தியது. "நீங்க ஒரு தடவையாவது அதை வெளையாடிப் பாத்திருக்கீங்களா அத்தா?"

இல்லை, நான் பார்த்ததில்லை. கணினி விளையாட்டு என்றாலே கேடு என்று சொல்லத் தெரிந்ததேயன்றி, எதனால் கேடு, எது கேடு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தடுப்பவனுடைய பேச்சு பிள்ளையின் காதில் ஏறுமா? அன்றே கைப்பேசி விளையாட்டை நிறுத்தினோம். அதற்கு ஈடாக, அவனோடு நானும் அமர்ந்து வேறு விளையாட்டுகளை ஆடிப் பார்ப்பதாக வாக்களித்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றியபோது கற்றுக்கொண்டவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பரணிலிருந்து இறங்கிய மடிக்கணினி

விளையாடுவதற்குப் புதிய கம்ப்யூட்டர் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. குனியமுத்தூரில் இருக்கும் என் அக்காவின் வீட்டுப் பரணில் ஒரு பழைய மடிக்கணினி கிடந்தது. மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை! பார்த்தவுடன் உங்களுக்கு விளங்கியிருக்கும். ஆம், விலையில்லா மடிக்கணினிதான்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட அத்திட்டத்தின் கீழ், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவ மாணவியர்க்கு, அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அரசு நிறுவனமான எல்காட் அவற்றைக் கொள்முதல் செய்தது. நம் சமுதாயத்திலும் எத்தனையோ இல்லங்களுக்குள் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுவே. குறிப்பாக, வெளியூர் சென்று கணினி கற்க வாய்ப்பில்லாத நம் பெண்மக்களின் கைக்கு அது வந்து சேர்ந்தது என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

அக்காவின் மகள் 2012இல் அதைப் பெற்றாள். கல்லூரிப் படிப்பு முடியும் வரை பயன்படுத்தினாள். பின்பு அவள் தம்பி பாலிடெக்னிக்கில் படித்தபோது அவனுக்குப் போயிற்று. அதன் பிறகு பரண்தான். மூன்றாவது கையாக எங்களிடம் வந்தபோது ஓர் எழுத்துப் பொத்தானைக் காணவில்லை; திரையைத் தாங்கும் கீல் ஆடியது; மின்கலம் உப்பியிருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: உப்பிய மின்கலத்தை அழுத்தவோ, குத்தவோ, மின்னேற்றவோ கூடாது. கடைக்காரரிடம் கொடுத்து அகற்றிவிட வேண்டும். அது இல்லாமலேயே இத்தகைய மடிக்கணினி நேரடி மின்சாரத்தில் இயங்கும்.

அதில் விண்டோஸ் 7 என்னும் இயக்கு மென்பொருளும், இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அருகருகே இருந்தன. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. ஆகவே அதைக் கொண்டு இணையத்தில் உலாவுவது பூட்டில்லாத வீட்டில் உறங்குவதற்குச் சமம். நாங்கள் இணைய இணைப்பே கொடுக்கவில்லை. வேண்டிய விளையாட்டுகளை வேறொரு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்தோம். இரண்டே ஜிபி நினைவகம் கொண்ட அந்தக் கருவியில், மகனுடைய தோழர்கள் ஆடும் பெரிய விளையாட்டு எதுவும் ஓடாது. முதல் நாள் அவன் முகம் வாடியது. ஆனால் அந்தக் குறையே எங்களுக்கு நிறையாக அமைந்தது என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

அளவுகோல் எது?

விளையாட்டு என்பதே இஸ்லாத்துக்கு அந்நியமானது என்று எண்ணுவோர் உண்டு. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும், பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்தியபோது அன்னையாருக்கு அதைக் காட்டி, அவர் போதும் என்னும் வரை உடன் நின்றதும் நாம் அறிந்த ஹதீஸ்களே. அன்னையார் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும் பதிவாகியுள்ளது. ஆகவே மார்க்கத்தின் கேள்வி, 'விளையாடலாமா?' என்பதைவிட, 'எதை, எப்படி, எதுவரை?' என்பதே ஆகும்.

இதற்கு அளவுகோல் தேடி எங்கள் பகுதி ஹஜ்ரத் ஒருவரை அணுகினேன். அவர் சதுரங்கத்தைப் பற்றி முற்கால இமாம்கள் நடத்திய விவாதத்தை எடுத்துக் கூறினார். ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் பொதுவாகச் சதுரங்கத்தைக் கண்டித்தே கூறியுள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபில் அது விரும்பத்தகாததாயினும், சில நிபந்தனைகள் பேணப்பட்டால் ஹராம் என்ற எல்லைக்குப் போவதில்லை. அந்த நிபந்தனைகள் யாவை? பணயம் வைக்கக் கூடாது. தொழுகை பிந்தக் கூடாது. நாவு கெட்ட சொல்லில் இறங்கக் கூடாது. கருத்து வேறுபாட்டில் எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆயினும் இந்த மூன்றும் மீறப்பட்டால் கேடு என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

பணயம், தொழுகை, நாவு! பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இந்த மூன்று கேள்விகளையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டங்களாக என் மகனை வரையச் சொன்னேன். ஒவ்வொரு விளையாட்டுக்கும் அவனே மதிப்பெண் போட வேண்டும். இஷாவுக்குப் பின் நாள்தோறும் அரை மணி நேரம். விடுமுறை நாளில் அஸருக்குப் பின் மக்ரிபு வரை. இருபது நாள்கள் இவ்வாறு நடந்தது.

திரையில் ஒரு சீட்டுக்கட்டு

முதலில் கண்ணில் பட்டது விண்டோஸுடன் வந்த சாலிட்டேர். மகன் அதைத் திறந்த நேரம் பார்த்து அவனுடைய நன்னி அறைக்குள் வந்துவிட்டார். "என்ன கண்ணு இது? ஊட்டுக்குள்ளயே சீட்டாட்டமா? உன் நன்னா காலத்துல சீட்டுக்கட்டு வாசப்படி தாண்டினதில்லையே!" என்று அவர் பதறியதில் நியாயம் இருந்தது. சீட்டால் அழிந்த குடும்பங்களை அவர் கண்டவர்.

அந்த விளையாட்டு விண்டோஸுக்குள் புகுந்த வரலாறு சுவையானது. 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. அதுவரை எழுத்துகளைத் தட்டியே பழகியிருந்த மக்களுக்கு 'மவுஸ்' என்ற சுட்டியைப் பிடிக்கவே தெரியாது. ஒரு சீட்டைப் பிடித்து, இழுத்து, இன்னொன்றின் மீது விடும் பயிற்சியின் வாயிலாக, அறியாமலேயே அவர்கள் சுட்டியைக் கையாளப் பழகினர். 1992இல் விண்டோஸ் 3.1 பதிப்போடு வந்த மைன்ஸ்வீப்பர், வலப் பொத்தான், இடப் பொத்தான் இரண்டையும் துல்லியமாக அழுத்தும் பழக்கத்தைக் கொடுத்தது. விளையாட்டு ஆசிரியராக இருந்தது!

சாலிட்டேரில் எதிராளியும் இல்லை, பணயமும் இல்லை. ஆயினும் நன்னியின் மனம் நோவதைக் கண்டு நாங்கள் அதை மூடிவிட்டோம். சீட்டுக்கட்டின் உருவம் இளம் கண்ணுக்குப் பழகிப்போவதும் ஒரு வாசல்தானே என்ற அவருடைய அச்சத்தை எளிதாகத் தள்ள முடியாது. பெரியவர்களின் உணர்வை மதித்து ஓர் இன்பத்தை விடுவதும் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம் அல்லவா?

அதற்குப் பதிலாக மைன்ஸ்வீப்பரை ஆடினோம். கட்டத்தில் தோன்றும் எண், அதைச் சுற்றி எத்தனை கண்ணிகள் புதைந்துள்ளன என்று சொல்கிறது. கணக்கிட்டுக் காலடி வைக்க வேண்டும். என் மகன் நான்கு நாள்களில் என்னை முந்திவிட்டான். பாங்கு ஒலித்தபோது அப்படியே விட்டெழுந்தான். யாரும் தோற்கவில்லை, யாரும் திட்டவில்லை.

மாஸ்கோவில் பிறந்த கட்டங்கள்

அடுத்து 'டெட்ரிஸ்'. மேலிருந்து விழும் வடிவங்களைத் திருப்பி அடுக்கி, வரிசையை நிரப்பினால் அந்த வரிசை மறையும். இதை 1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னவ் உருவாக்கினார். அவர் கையாண்ட இயந்திரத்தில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துப் பலகையில் உள்ள அடைப்புக்குறிகளையே செங்கற்களாக அடுக்கினார். உலகையே ஆட்டிவைத்த அப்படைப்புக்கு அவருக்கு உரிமைத் தொகை கிடைக்கத் தொடங்கியது 1996இல்தான்!

வசதி குறைந்த கருவியிலும் அறிவு வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பொத்தான் உதிர்ந்த மடிக்கணினியைக் குறைவாக எண்ணிய என் மகனுக்கு இந்த வரலாறு ஆறுதலாக இருந்தது.

ஆனால் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். டெட்ரிஸ் எளிதில் விடாது. சரியாக அடுக்கியது மறைந்துவிடுகிறது. தவறாக வைத்தது மட்டும் கண்முன் குவிந்து நிற்கிறது. அதைச் சரிசெய்யும் துடிப்பே அடுத்த ஆட்டத்துக்கு இழுக்கிறது. அரை மணி நேரம் கடந்ததைக் கவனியாமல் ஆடிக்கொண்டிருந்தவன் மகனல்லன், நான்தான்! "அத்தா, நேரமாச்சு" என்று அவன் சிரித்தபடி மூடியைச் சாய்த்தான். நோட்டில் தொழுகைக் கட்டத்தில் டெட்ரிஸுக்கு அவன் பாதி மதிப்பெண்தான் போட்டான். 'அத்தாவுக்கு மட்டும் ஆபத்து' என்று அருகில் எழுதியும் வைத்தான்.

அறுபது நிமிடக் கதை

மூன்றாவதாக 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. 1989இல் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் வெளியிட்ட விளையாட்டு. தம் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, அந்த அசைவுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் வரைந்தார். ஆகவேதான் அதன் நாயகன் உயிருள்ள மனிதனைப் போல் ஓடுகிறான். அதன் மூல நிரல் அடங்கிய வட்டுகள் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டன. 2012இல் அவருடைய தந்தையார் வீட்டு அலமாரியில் ஒரு பெட்டிக்குள் அவற்றைக் கண்டெடுக்க, மெக்னர் அந்த நிரலை அனைவரும் பார்க்கும்படி வெளியிட்டார். பரணில் கிடப்பவை யாவும் குப்பையல்ல!

கதை முழுவதும் அறுபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இடையில் நிறுத்தி வைக்கலாம். நாங்கள் நாள்தோறும் சிறிது சிறிதாக ஆடி, தோற்று, மீண்டும் ஆடினோம். பள்ளத்தை எங்கே தாண்டுவது, கத்தி முனைகள் எங்கே எழும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மணலுக்குப் பதிலாகக் கைகுலுக்கலோடு முடிந்த அந்த இரவை நான் மறவேன். கடைசி வரை சென்று முடித்தபோது, 'முடிந்தது' என்ற நிறைவு இருந்ததே, அது இன்றைய கைப்பேசி விளையாட்டுகள் வேண்டுமென்றே கொடுக்க மறுக்கும் செல்வமாகும்.

ஆனால் இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. அக்கதையில் கொடியவனாக வரும் அமைச்சரின் பெயர் ஜஃபர். அரண்மனை, அடியில் பாதாளச் சிறை, வஞ்சக அமைச்சர்! மேலை நாட்டார் கற்பனையில் உள்ள கீழை நாடு இதுவே. "ஜஃபர்னா கெட்டவனா அத்தா? நம்ம மஹல்லாவுலயே ரெண்டு ஜஃபர் இருக்காங்களே!" என்று மகன் கேட்டான். நபித்தோழர்களில் ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) என்ற பெருந்தகை இருந்தார் என்பதையும், அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் அவர் ஆற்றிய உரையையும் சொல்ல அப்போது வாய்ப்புக் கிடைத்தது. அருகில் நான் இல்லாதிருந்தால் அந்தக் கேள்வி யாரிடம் போயிருக்கும்?

போர் விளையாட்டுகளில் இது இன்னும் கூர்மையானது. 2002ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், தன் படைக்கு இளைஞர்களைக் கவர்வதற்காகவே அமெரிக்க இராணுவம் 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. 2022இல்தான் அது நிறுத்தப்பட்டது. இலவசமாகக் கிடைப்பதற்கும் ஒரு நோக்கம் இருக்கக்கூடும். உங்கள் பிள்ளை சுடும் விளையாட்டு ஆடினால், 'யாரை எதிரியாகக் காட்டுகிறார்கள்?' என்று அருகில் அமர்ந்து கேளுங்கள்.

சதுரங்கம் எங்கே போயிற்று?

எங்கள் நோட்டில் சதுரங்கத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். லினக்ஸில் அது இலவசமாகவே உண்டு. ஹஜ்ரத் கூறிய கருத்து வேறுபாட்டை முன்னிட்டு, அதை நாங்கள் ஆடாமல் அதன் வரலாற்றை மட்டும் படித்தோம். இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபு நாட்டுக்குச் சென்று 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. அப்பாசியர் காலத்தில் அல்அத்லீ, அஸ்ஸூலீ போன்றோர் அதில் வல்லுநர்களாக விளங்கி நூல்களும் இயற்றினர். முஸ்லிம்களின் வழியாகவே அது ஐரோப்பாவை அடைந்தது. 2022இல் 44ஆவது உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நம் மாமல்லபுரத்தில் நடைபெற்றதை நீங்கள் அறிவீர்கள். இந்த விளையாட்டை நன்கறிந்த சமுதாயத்தின் அறிஞர்களே அதற்கு வரம்பும் கட்டினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. அவர்கள் தெரியாமல் தடுக்கவில்லை, தெரிந்து எடைபோட்டார்கள்.

வாளையாற்றுக்கு அந்தப் பக்கம்

இப்போது மீண்டும் அந்த 1,860 ரூபாய்க்கு வருவோம்.

எங்கள் ஊரிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் சிறிது தூரம் சென்றால் வாளையாறு. எல்லையைத் தாண்டியதும் லாட்டரிக் கடைகள் வரவேற்கும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. 1967இல் தொடங்கிய கேரள அரசின் லாட்டரியோ தொடர்கிறது. பஸ் ஏறிப் போய்ச் சீட்டு வாங்கித் திரும்பும் உழைப்பாளிகளைப் பார்த்து நாம் பரிதாபப்படுகிறோம். ஆனால் அதைப் போன்ற ஒரு கடை நம் கூடத்தில், நம் பிள்ளையின் உள்ளங்கையில் திறந்திருப்பதை உணர்கிறோமா?

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிக்குப் பணம் கொடுப்பதும், கிடைக்காதபோது மறுபடியும் கொடுப்பதும் வேறு எதைப் போன்றது? இத்தகைய 'பரிசுப் பெட்டி'களைக் காசுக்கு விற்பது சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் 2018 ஏப்ரலில் அறிவித்தது. இஸ்லாமோ மதுவையும் சூதையும் ஒரே மூச்சில் விலக்கிவிட்டது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 ஆகிய வசனங்களை வீட்டில் எல்லாரும் அமர்ந்து பொருளோடு ஓதிப் பாருங்கள். பகைமை, இறை நினைவிலிருந்து தடுத்தல், தொழுகையிலிருந்து தடுத்தல் ஆகியவை அங்கே காரணங்களாகச் சுட்டப்படுவதைக் காண்பீர்கள். இமாம்களின் மூன்று நிபந்தனைகள் எங்கிருந்து பிறந்தன என்பதும் விளங்கும்.

சட்டமும் விழித்துக்கொண்டுள்ளது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. ஆனால் பணப் பரிசு தராமல், உடைக்கும் துப்பாக்கிக்கும் காசு வாங்கும் விளையாட்டுகளை அத்தடை ஒரேயடியாகத் துடைத்துவிடவில்லை. அங்கே வாயில் காப்பவர் நாமே. கைப்பேசியின் பணப் பரிமாற்ற இரகசிய எண் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. எங்கள் வீட்டில் அது தெரிந்திருந்தது. குற்றத்தில் பாதி எங்களுடையது.

இன்னொன்றையும் கண்டேன். மகன் முன்பு ஆடிய அந்தக் கைப்பேசி விளையாட்டை, வாக்களித்தபடி ஒரு நாள் நானே அவன் முன்னிலையில் ஆடிப் பார்த்தேன். அதற்கு முடிவு என்பதே இல்லை. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய பரிசு போய்விடும். இடையில் எழுந்தால் குழுவே தோற்கும். காதில் ஏச்சு விழும். அன்று முன்பின் அறியாத ஒருவன் என்னை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. என் மகன் தலைகுனிந்து, நோட்டில் மூன்று கட்டங்களிலும் சுழியம் போட்டான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என் தீர்ப்பாக இருந்திருக்கும். இப்போது அது அவனுடைய தீர்ப்பு.

ஆடுபவன் ஆக்குபவனாகட்டும்

இருபது நாள்களின் இறுதியில் ஒரு நற்பயன் விளைந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடம் 2007இல் சிறுவர்களுக்காக வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருளின் பழைய பதிப்பு இந்த மடிக்கணினியில் ஓடுகிறது. வண்ணக் கட்டைகளைப் பூட்டுவதுபோல் கட்டளைகளைப் பூட்டிச் சிறுவர்களே விளையாட்டு உருவாக்கலாம்.

என்ன உருவாக்குவது? எங்கள் மதுக்கரைக் காட்டின் வழியே கேரளம் செல்லும் இருப்புப்பாதையில் அடிபட்டு யானைகள் மடிவது நெடுங்காலத் துயரம். 2024 பிப்ரவரியில் வனத்துறை, பாதையோரம் பன்னிரண்டு கோபுரங்கள் நட்டு, இருளிலும் உடல் வெப்பத்தைக் கண்டறியும் கேமராக்களைப் பொருத்தியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு அதை உணர்ந்து கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல, இரயில் ஓட்டுநர் எச்சரிக்கப்படுகிறார். என் மகன் இதையே விளையாட்டாக்கினான். இடப்புறமிருந்து இரயில் வருகிறது. காட்டிலிருந்து யானை வருகிறது. உரிய நேரத்தில் பொத்தானை அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். யானை கடந்துவிட்டால் வெற்றி. யாரையும் சுட வேண்டியதில்லை!

அவன் வரைந்த யானை, நன்னியின் சொல்லில், "எருமையாட்டம்" இருந்தது. இரயில் சில நேரம் பின்னோக்கி ஓடியது. ஆனாலும் 'இப்படியானால் இது செய்' என்று படிப்படியாகக் கட்டளையிடும் முறையை அவன் கற்றுக்கொண்டான். அதற்கு உலகம் இட்ட பெயர் 'அல்காரிதம்'. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதின் அறிவு இல்லத்தில் பணியாற்றிய அல்குவாரிஸ்மீ என்ற முஸ்லிம் கணித மேதையின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பது போதாது. அவர் வழியில் நம் பிள்ளைகளும், ஆண், பெண் இருபாலரும், நடை போட வேண்டாமா?

உங்கள் கைக்கு

சகோதரிகளே, சகோதரர்களே! உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். கோபுர முத்திரை பதித்த மடிக்கணினி ஒன்று அங்கே உறங்கிக்கொண்டிருக்கலாம். எடையில் இலேசான லினக்ஸ் ஒன்றைப் பதிந்து தரச் சொன்னால், அதற்கு மீண்டும் உயிர் வரும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் 'ஜிகாம்ப்ரி', படம் வரையும் 'டக்ஸ் பெயிண்ட்' போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன, விளம்பரமும் இல்லை.

அதைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். எல்லாரும் நடமாடும் கூடத்தில் வையுங்கள். நேரத்தை மணிக்கணக்கால் அளப்பதைவிடத் தொழுகை வேளைகளால் அளந்து பழக்குங்கள். பாங்கு என்பது நம் இல்லங்களுக்கு வாய்த்த கடிகாரம். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டு மனக்கோளாறு' என்பதைச் சேர்த்து, அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுப்படுத்த முடியாமை, மற்றெல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக ஓராண்டளவு நீடிப்பதே அதன் அடையாளம். அத்தகைய நிலை கண்டால் அடித்துத் திருத்த முயலாதீர்கள். மனநல மருத்துவரை நாடுங்கள். அது வெட்கத்துக்குரிய செயலன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, தடுப்பதற்கு முன் ஒருமுறை அருகில் அமருங்கள். விளையாட்டைப் பார்த்த பிறகு 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். அந்த 'வேண்டாம்' பிள்ளையின் உள்ளத்தில் நிற்கும்.

எங்கள் வீட்டுப் பணம் திரும்பி வரவில்லை. பெருநாளுக்கு என் மனைவி தமக்குப் புத்தாடை எடுக்காமல் பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்தார். அது மகனின் கண்ணில் பட்டது. தனக்குக் கிடைத்த பெருநாள் காசை அப்படியே கொண்டுபோய் அவர் கையில் வைத்தான். மீதியை மாதம் நூறு ரூபாயாகக் கொடுத்துத் தீர்ப்பதாகக் கணக்கெழுதி வருகிறான்; அதே நோட்டில்தான், கடைசிப் பக்கத்தில்.

நேற்று மக்ரிபு நேரம். இரயில் வந்துகொண்டிருந்தது, யானை பாதிப் பாதையில் நின்றது. பாங்கு ஒலித்தது. யானையை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு அவன் எழுந்து உளூச் செய்யப் போனான்.

நம் பிள்ளைகளின் நேரத்திலும் அறிவிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! பயனற்றவற்றிலிருந்து அவர்களையும் நம்மையும் காப்பானாக! ஆமீன்.